பத்தொன்பது நிமிடத் தூரம்

சுகாதார அமைச்சின் புதிய வரைபடத்தில் கனோக்கும் தாலிவிக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இடையில் ஒரு விரல் வைக்கக்கூட இடமில்லை. உண்மையில் இரண்டுக்கும் நடுவே ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டர் உறைந்த கடலும் மரமே முளைக்காத கல்வெளியும் கிடந்தன. தெரு கிடையாது, தண்டவாளம் கிடையாது. கனோக்கின் விமான நிலையம் என்பது சரளைக்கல் கொட்டி உருட்டிய ஒரு துண்டு நிலமும் ஒரு தகரக் கொட்டிலும். தாலிவிக்கில் ஓடுபாதைக்குத் தார் போட்டிருந்தார்கள், ஓர் ஆஸ்பத்திரியும் இருந்தது. அதனால் அது நகரம்.

அந்த வரைபடத்தைக் கொண்டுவந்து கனோக் சுகாதார நிலையத்தின் சுவரில் ஒட்டியவர் டொக்டர் ஆரூரன். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் வதனி. அந்த நிலையத்தின் தலைமைத் தாதி அவள்தான். கிளிநொச்சியில் பிறந்த ஒருத்தி வடதுருவ வட்டத்துக்குள் வந்து குடியிருப்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவள் சொல்லும் காரணம் எளிமையானது: தெற்கே பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் எல்லா மேலாளர்களோடும் சண்டை பிடித்து முடித்துவிட்டாள். இங்கே சண்டை பிடிக்க மேலாளரே இல்லை என்று கேள்விப்பட்டு வந்தாள். வந்த இடத்தில் அந்தப் பனிநிலத்தின் பழங்குடிகளான இனுயிட் சனங்கள் அவளுடைய வாயைப் பொறுத்துக்கொண்டார்கள். அவளும் அவர்களுடைய பிள்ளைகளைக் கையில் ஏந்தி ஏந்தி அந்த ஊர்க்காரியாகிவிட்டாள்.

“நடுவில கிடந்த இடமெல்லாம் எங்க போட்டுது, தம்பி?” என்று கேட்டாள்.

“இது தூர வரைபடம் இல்லை அக்கா. பயண நேர வரைபடம்.”

“பயண நேரம் மூண்டு மணித்தியாலம்.”

“அது பிளேனுக்கு. பயணிக்குப் பத்தொன்பது நிமிஷம்.”

ஆரூரன் மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்து விளக்கத் தொடங்கினார். மருத்துவம் படித்தவர், ஆனால் நோயாளியைத் தொட்டுப் பல காலம். இப்போது அமைச்சில் ‘அணுகல்’ என்ற பிரிவுக்குத் தலைவர். தமிழை நன்றாகவே பேசினார். ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்து வைப்பவர் போல.

“ஏறும்போது ஒரு மூடி மருந்து குடிக்கிறது. பிறகு கபினுக்குள்ள விளக்கு ஒரு கணக்கில துடிக்கும். ரெண்டும் சேர்ந்தா மூளை பத்தில ஒரு பங்கு வேகத்திலதான் ஓடும். கண் திறந்திருக்கும், நித்திரை இல்லை. ஆனா மூண்டு மணித்தியாலம் பத்தொன்பது நிமிஷம் மாதிரிப் போயிடும். அதுக்குப் பேர் சுருக்கம்.”

“மூளை மெதுவாகுது. சரி. உடம்பு?”

“உடம்பு வழமைபோல.”

“அப்ப ஒருத்தருக்கு இரத்தம் போனா, பத்தொன்பது நிமிஷம் போகுமோ, மூண்டு மணித்தியாலம் போகுமோ?”

ஆரூரன் சிரித்தார். பொறுமையான சிரிப்பு, வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் மொக்குப் பிள்ளைக்கு ஆசிரியர்கள் வைத்திருப்பது. “நீங்கள் எப்பவும் அந்தத்தில, விளிம்பில நிக்கிற உதாரணத்தைத்தான் எடுக்கிறியள் அக்கா.”

“அந்தத்தில நிக்கிறவைக்குத்தானே ஆஸ்பத்திரி. மற்றவைக்கு எதுக்கு?”

ஆரூரனுக்கு அதை வாதாட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, சட்டம் ஏற்கெனவே மாறியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அரைமணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் எந்த ஊருக்கும் தனிப் பிரசவ அறை தேவையில்லை. பயண நேரம் என்பது பயணி உணரும் நேரம். இந்த இரண்டு வசனங்களையும் எழுதியவர்கள் கனோக்கைக் கண்ணால் கண்டவர்கள் அல்ல. கண்டிருந்தாலும் சுருக்கத்தில் வந்து சுருக்கத்தில் போயிருப்பார்கள்.

அடுத்த மாதமே பிரசவ அறையைப் பிரித்து அள்ளினார்கள். சத்திரசிகிச்சை மேசை, இரத்தம் வைக்கும் குளிர்பெட்டி, மாதத்தில் இரண்டு கிழமை வந்து நின்ற டொக்டர், எல்லாம் அதே விமானத்தில் ஏறிப் போயின. முன்பெல்லாம் கர்ப்பிணிகள் ஒரு மாதம் முந்தியே தாலிவிக்குக்குப் போய் விடுதியில் தங்கிப் பிள்ளை பெற்று வருவார்கள், இல்லையென்றால் வதனியின் கையில் இங்கேயே பெறுவார்கள். இனி விடுதியும் இல்லை. பத்தொன்பது நிமிடத் தூரத்துக்கு யாராவது விடுதி கட்டுவார்களா?

ஊரில் எல்லோரும் இதை எதிர்த்தார்கள் என்று சொன்னால் அது பொய். பலருக்குச் சுருக்கம் பிடித்தே இருந்தது. அந்தச் சின்ன விமானத்தில் முழங்கால் மடக்கி, குலுங்கிக் குலுங்கி, காது அடைத்துப் போவது யாருக்குத்தான் ஆசை? இரத்தம் சுத்திகரிக்க அடிக்கடி தாலிவிக்குக்குப் பறக்கும் சிறுநீரக நோயாளிகள் கும்பிட்டார்கள். விமானக் கம்பனியும் கும்பிட்டது: பயணிகள் சிலை மாதிரி இருப்பதால் உபசரிக்க ஆள் வேண்டாம், தேநீர் வேண்டாம், முறைப்பாடும் இல்லை. வதனி மட்டும் ஊர்க்கூட்டத்தில் எழும்பி, “உங்களைச் சாமானாக்கி ஏத்துறாங்கள். சாமானுக்குத்தான் தூரம் தெரியாது” என்று கத்திவிட்டு வந்தாள். சிலர் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

சியாசிக்கு அது இரண்டாவது பிள்ளை. கனோக்கின் சிறுவர் பள்ளியில் படிப்பிப்பவள், சத்தமாகச் சிரிப்பவள். புருஷன் பாலூக் ஊரின் மின்பொறிகளைப் பார்த்துக்கொள்பவன், அதிகம் பேசாதவன். பிள்ளை பிறக்கும் நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கையில், வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்திய ஒரு மே மாதக் காலையில், அவளுக்கு இரத்தம் கண்டது. வதனி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. முன்பிருந்த அறை இருந்திருந்தால், அந்தக் குளிர்பெட்டி இருந்திருந்தால் என்று மனம் ஒரு கணம் ஓடியது. அதை அதட்டி அடக்கிவிட்டு விமானத்தைக் கேட்டாள்.

அன்றைக்கு விமானம் அங்கேதான் நின்றது. காரணம், டொக்டர் ஆரூரன். திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர் திரும்பிப் போக நின்றார்.

படிக்கட்டின் அடியில் கம்பனி உதவியாளன் தட்டில் மருந்து மூடிகளோடு நின்றான். துடிக்கும் விளக்கைச் சுருக்கம் இல்லாமல் பார்த்தால் வலிப்பு வரலாம் என்பதால், விழித்திருக்க வேண்டியவர்களுக்கென்று மூன்று கறுப்புக் கண்ணாடிகள் இருந்தன. ஒன்றை வதனி போட்டுக்கொண்டாள், ஒன்றைச் சியாசிக்கு மாட்டினாள். மூன்றாவதை எடுத்து ஆரூரனிடம் நீட்டினாள்.

“நீங்கள் டொக்டர். மருந்தைக் குடியாதேங்கோ. எனக்கு ரெண்டு கை போதாமல் வரலாம்.”

ஆரூரன் தயங்கினார். பின்னால் ஊர்ச்சனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. “அக்கா, இந்தத் திட்டத்தைச் சிபாரிசு செய்தவனே நான். நானே குடிக்காட்டி இவை என்ன நினைப்பினம்? பத்தொன்பது நிமிஷம். நீங்கள் சமாளிப்பியள்.”

“எனக்கு மூண்டு மணித்தியாலமடா!” என்றாள் வதனி. மரியாதை அவளை மீறி உதிர்ந்தது.

அவர் மூடியை எடுத்து, எல்லோரும் பார்க்கக் குடித்தார்.

“அப்ப அந்தக் கண்ணாடியை எனக்குத் தாங்கோ” என்றான் பாலூக். பாலூக்கும் மற்ற ஊர்க்காரரும் அவளோடு பேசுவது ஆங்கிலம். ஆனால் வதனியின் காதில் அது தமிழாகித்தான் உள்ளே இறங்கும்.

“நோயாளிக்கும் மருத்துவ ஆட்களுக்கும் மட்டும்” என்றான் உதவியாளன். “நீங்கள் மருந்து குடிச்சா ஏறலாம். இல்லாட்டி அடுத்த பிளேன்.”

“நான் அவளின்ர புருஷன்.”

“அது எங்கட பிரிவுகளில இல்லை.”

வதனி அவனோடு வாய்ச்சண்டைக்கு ஆயத்தமாக, சியாசி படுக்கையில் கிடந்தபடியே கையைத் தூக்கித் தடுத்தாள். “குடிச்சிட்டு வா. நீ எனக்கு முந்திப் போய்ச் சேர்ந்திடுவாய்” என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் குடித்தான். மூன்றாவது கண்ணாடியை உதவியாளன் பத்திரமாகத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, தன்னோடு திரும்பக் கொண்டுபோனான்.

விமானம் மேலே ஏறி விளக்குத் துடிக்கத் தொடங்கியதும் கபினுக்குள் எல்லா முகமும் ஒரே மாதிரி மென்மையாகிப்போனது. ஆறேழு பேர், கண் திறந்தபடி, உதட்டில் அரைச் சிரிப்போடு. பாலூக் படுக்கைக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தான். அவன் இமை மூடித் திறப்பதற்குள் வதனி ஒரு ஊசியை ஏற்றி முடித்துவிடலாம்.

ஒரு மணித்தியாலம் கடந்திருக்கும், பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. கத்தியது. அந்தக் கத்தலுக்கு ஒரு தலைகூடத் திரும்பவில்லை. வதனி அதைத் துடைத்து, விளக்கு படாமல் கண்ணையும் மூடிச் சுற்றி, வைக்க வேறு இடமில்லாமல், பாலூக்கின் மடியில் கிடத்தினாள். அவனுடைய கைகள் பிள்ளையை அணைக்க வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அவனுடைய கழுத்துச் சால்வையை இழுத்து இருவரையும் சேர்த்துக் கட்டினாள்.

பிறகுதான் இரத்தம் நிற்கவில்லை என்பது தெரிந்தது.

இருந்த மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று. ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேலே, முழு உடம்பையும் சாய்த்து அழுத்திக்கொண்டு நின்றாள். சேலைன் போத்தல் முடிந்து தொங்கியது. மாற்றுவதற்கு மூன்றாவது கை இல்லை. “டொக்டர்!” என்று கூப்பிட்டாள். “ஆரூரன்!” என்று கத்தினாள். இரண்டு வரிசைக்கு முன்னால் அவருடைய பின்னந்தலை, நன்றாகச் சீவி வாரியது, அசையாமல் இருந்தது. காலால் சப்பாத்தைக் கழற்றி எத்திவிட்டாள். அது அவருடைய தோளில் பட்டு விழுந்தது. அவர் சிரித்தபடியே இருந்தார்.

விமானி அறைக்குக் கேட்கும்படி தரையைக் குதிக்காலால் உதைத்தாள். ஒலிபெருக்கியில் விமானியின் குரல் வந்தது. கண்ணாடி இல்லாமல் கதவைத் திறந்து உள்ளே வர முடியாது என்றான்.

“அப்ப விளக்கை நிப்பாட்டு!”

“நடுவில நிப்பாட்டினா பயணிகளுக்கு ஆபத்தாம். கம்பனியைக் கேட்கோணும்.”

“கேளடா!”

கேட்டான். கம்பனி யாரையோ கேட்டது. பதில் வர வெகுநேரமானது. வந்தபோது விமானியின் குரல் உடைந்திருந்தது. “பத்தொன்பது நிமிஷம்தானே, பொறுக்க ஏலாதோ என்று கேட்கினம்.”

வதனி அதற்கு என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது. கிளிநொச்சிச் சந்தையில்கூட அதை மெதுவாகத்தான் சொல்வார்கள்.

சியாசிக்குக் குளிரத் தொடங்கியது. உதடு வெளுத்தது. அவள் புருஷனைக் கூப்பிட்டாள். மூன்று நான்கு தரம் அவன் பேரைச் சொன்னாள். அது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவன் தலை திரும்பத் தொடங்கியது. ஒரு மணிக்கூட்டு முள் நகர்வதுபோல, நகர்வதே தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக. வதனி அழுத்திக்கொண்டே அந்தக் கழுத்தைப் பார்த்தாள். திரும்படா, திரும்படா என்று மனத்துக்குள் இழுத்தாள். சியாசியும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனுடைய முகம் முழுதாக அவள் பக்கம் வந்து சேர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

அதன் பிறகும் பறக்க நிறைய இருந்தது.

தாலிவிக்கில் இறங்கி விளக்கு நின்றது. முகங்கள் உயிர் பெற்றன. பாலூக் முதலில் தன் நெஞ்சோடு கட்டியிருந்த பிள்ளையைப் பார்த்தான். “எப்ப?” என்று கேட்டான். சந்தோஷத்தில்தான் கேட்டான். பிறகு படுக்கையைப் பார்த்தான்.

ஆரூரன் எழும்பித் திரும்பி, தரையெல்லாம் கிடந்ததைக் கண்டு இருக்கையைப் பிடித்துக்கொண்டார். “என்ன நடந்தது? இப்பதானே வெளிக்கிட்டனாங்கள்” என்றார்.

விசாரணை அந்த மாதமே தாலிவிக்கில் நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு; மூவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள், மூவருக்கும் குளிர். பயணிகள் ஒவ்வொருவராக வந்து, பயணம் ஏறத்தாழ இருபது நிமிடம் என்று சத்தியம் செய்தார்கள். ஆரூரனும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லும் அளவுக்குக்கூட அவர் அங்கே இருக்கவில்லை. தோளில் ஒரு ஈ வந்து இருந்த மாதிரி ஒரு நினைவு உண்டு என்றார். ஜன்னல் கண்ணாடியில் தாதியின் கைகள் பறவைபோலப் படபடத்தது தெரிந்ததாம், அவளுக்குப் பதற்றமாக்கும் என்று நினைத்தாராம்.

பாலூக்கைக் கேட்டார்கள்.

“கொசு கத்தின மாதிரி ஒரு சத்தம் கேட்டது” என்றான். “எங்கே என்று பார்க்கத் திரும்பினன். அவ்வளவுதான்.”

பிறகு, “அது என்ர பேராம்” என்றான்.

குழுத் தலைவர் வதனியிடம் வந்தார். இவ்வளவு அனுபவமுள்ள ஒருவர் பத்தொன்பது நிமிடத்துக்கு ஒரு நோயாளியைத் தாக்காட்டி உயிரோடு வைத்திருக்க முடியாமல் போனது எப்படி என்று கேட்டார்.

“மூண்டு மணித்தியாலம்” என்றாள் வதனி.

“சட்டப்படி பயண நேரம்...”

“நீங்கள் சட்டப்படி இரத்தம் விட்டுக் காட்டுங்கோ, நான் மணிக்கூட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

அதைக் குழு பொருட்படுத்தவில்லை. யாருக்கும் தண்டனை இல்லை. யார் மேலும் பிழை இல்லை. ஒரேயொரு சிபாரிசு மட்டும் செய்தார்கள்: அந்த விமானத்தில் மிகுந்த மனவேதனைக்கு உள்ளானவர் விழித்திருந்த தாதி. ஆகவே ஊழியர் நலன் கருதி, அடுத்த மாதத்திலிருந்து நோயாளியோடு போகும் தாதிமாரும் சுருக்கத்துக்குள் போக வேண்டும். கறுப்புக் கண்ணாடிகள் திரும்பப் பெறப்படும்.

வதனி சிரித்துவிட்டாள். மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, அடக்க முடியாமல் சிரித்தாள். கண்டவள் ஒருத்தி மிஞ்சியதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே குறை, அதையும் திருத்திவிட்டார்கள்.

வெளியே நடைவழியில் ஆரூரன் அவளுக்காகக் காத்து நின்றார். கண் சிவந்திருந்தது. “அக்கா, நான் ஒண்டையும் காணேல்லை. என்னை நம்புங்கோ.”

“நம்புறன்” என்றாள் வதனி. “அதுக்குத்தானே குடிச்சனீங்கள்.”

விசாரணை முடிந்தபின் சியாசியின் உடலைத் தாலிவிக்கில் வைத்துக்கொள்ள யாரும் கேட்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோகிற அன்று, பாலூக் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு படிக்கட்டடிக்கு வந்தான். மகளுக்கு அவனே ஒரு துணியால் கண்ணைக் கட்டியிருந்தான்; பச்சைப் பிள்ளைக்கு மருந்து கொடுக்க முடியாது, வெளிச்சம் படாமல் இருந்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தாலிவிக்கில் நின்ற கம்பனி உதவியாளன் தட்டை நீட்டினான்.

“வேண்டாம்” என்றான் பாலூக்.

“அப்ப ஏற ஏலாது.”

“இவளுக்குக் கண்ணைக் கட்டினாப் போதுமெண்டா எனக்கும் போதும்.” கழுத்துச் சால்வையை அவிழ்த்துத் தன் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். அது துவைத்திருந்தது, ஆனாலும் ஒரு ஓரத்தில் கறை போகவில்லை.

உதவியாளன் விதிகளைச் சொல்ல வாயெடுத்தான். அப்போது விமானி தன் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினான். அன்றைக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த அதே ஆள். “ஏறவிடு” என்றான். “ஏறவிடாட்டி நான் எடுக்கமாட்டன்.”

“மூண்டு மணித்தியாலம் இருட்டுக்குள்ள சும்மா இருக்கோணும்” என்று முணுமுணுத்தான் உதவியாளன். “அலுத்துப்போகும்.”

வதனி பாலூக்கின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். தனக்குத் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அது இன்னும் சில நாளைக்குத்தான் அவளுடையது.

வழியெல்லாம் பிள்ளை அழுதது, பால் குடித்தது, தூங்கியது, மறுபடி அழுதது. மற்றவர்கள் சிரித்தபடி இருந்தார்கள். பாலூக் மகளின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து, “அது எந்த இடம்?” என்று கேட்டான்.

எது என்று வதனி கேட்கவில்லை. “வரேக்க சொல்லுறன்” என்றாள். போய் விமானி அறைக் கதவைத் தட்டிக் கேட்டு வந்து, ஜன்னலோரமாக நெற்றியை வைத்துக் கீழே பார்த்தபடி இருந்தாள். பிறகு அவன் கையைத் தொட்டாள்.

“இதில என்ன இருக்கு?” என்றான் அவன், கட்டிய கண்ணோடு.

சியாசி போன நேரத்தில் வதனி வெளியே பார்த்திருக்கவில்லை. இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தாள். “ஐஸ்தான்” என்றாள். “பெரிய வெளி. நடுவில ஒரு வெடிப்பு, நீளமாகப் போகுது. தண்ணி கறுப்பாத் தெரியுது. கரையில ஏதோ படுத்திருக்கு, கடல்நாயாக்கும். ஒண்டு இல்லை, கனக்க.”

“வெயிலோ?”

“நல்ல வெயில்.”

அவன் தலையாட்டினான். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினான்.

“இன்னும் கனதூரமோ?”

“ஓம். இன்னும் கிடக்கு.”

“கிடக்கட்டும்” என்றான் பாலூக்.